ஊமை போர்ட்

ரவிகுமாருக்குப் பயம் வந்தால் கை நடுங்காது, கால் நடுங்காது. வாய்தான் நிற்காது. பயம் கூடக்கூடப் பகிடியும் கூடும். அன்று பிற்பகல் அலவத்துகொடையில் அந்த வீட்டுக்குள் நுழைந்து அரை மணிநேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஏழு பகிடி விட்டுவிட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

சிரிக்கிற வீடும் அதுவல்ல. முன்னறைக் கட்டிலில் படுத்திருக்க வேண்டிய ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போய், அவருக்கு ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றுவிட்டது. நின்றால் ஊரைக் கூட்டுகிற அளவுக்குக் கத்த வேண்டிய அலாரம் மூச்சுக் காட்டவில்லை. மருமகள் றிப்தா தற்செயலாகப் பால் விடாத பிளேன்டி கொண்டு போனபோது, மாமனாரின் நகங்களெல்லாம் நீலம் பாரித்திருந்தன. அவள் போட்ட கூச்சலில்தான் அவர் பிழைத்தார். ஆனாலும், மெஷினை நிறுத்தியது அவளாக இருக்குமோ என்று மைத்துனர்மார் நேற்றிலிருந்து கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்களுக்குப் பதில் வேண்டித்தான் றிப்தா நஸ்லியாவைக் கூப்பிட்டிருந்தாள்.

கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடையில், செத்துப்போன எலெக்ட்ரோனிக் போர்ட்களுக்கு உயிர் கொடுப்பது நஸ்லியாவின் தொழில். சாமானுக்குள் ஒளிந்திருக்கும் பொய்யையும் பிடித்துவிடுவாள் என்று பெயர் பரவியதிலிருந்து, பழுதுக்கு வருகிறவர்களைவிடச் சந்தேகத்தோடு வருகிறவர்களே அதிகம். த்ரீவீல்காரன் ரவிகுமார்தான் அவளுக்குச் சாரதி, சாமான் தூக்கி, உதவித் துப்பறிவாளன் எல்லாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான் என்பது அவனுடைய நிரந்தரப் புகார்.

நஸ்லியா மெஷினின் முதுகைத் திறந்து, உள்ளங்கை அகலப் பச்சை போர்டை வெளியே எடுத்தாள்.

"இதக் கடைசியா தொறந்தது ஆரு?"

"சர்வீஸ் பண்ற நபீல்ன்டு ஒருத்தர்," என்றாள் றிப்தா. "பதினஞ்சு நாளைக்கு முந்தி. நல்ல மாதிரியான ஆள்."

எட்டாவது பகிடி ரவிகுமாரின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கண்டி நகர ஓரத்து மஹய்யாவையில் அவன் வீட்டிலும் அதே மாதிரி மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மடுல்கெல்லவில் தேயிலைத் தூள் சலிக்கிற அறையில் முப்பது வருஷம் நின்ற அவன் அப்பா பழனியாண்டிக்கு, அது இல்லாமல் இப்போது மூச்சு இல்லை. அந்த மெஷினையும் போன வெள்ளிக்கிழமைதான் நபீல் சர்வீஸ் செய்து கொடுத்தான். 'கூட்டாளியோட வாப்பாவுக்குச் செய்றதுக்குச் சல்லியா' என்று ஒரு சதம்கூட வாங்கவில்லை. ரவிகுமாரும் பெருமையாக இருந்துவிட்டான்.

"மிஸ், நம்ம வீட்டு மெஷினும் அவன்தான்..."

"தெரியும். வீட்டுக்கு கோல் எடுங்க."

எடுத்தான். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. மனைவி நிஷாந்தி எடுக்கவில்லை. வெளியே மேற்கு மலை கறுத்து, கூரைத் தகரத்தில் முதல் மழை விழ ஆரம்பித்தது. அலவத்துகொடையில் இப்படிப் பெய்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். முதலில் கரண்ட் போகும். பிறகு, கண்டிக்குப் போகிற வழியில், அக்குறணையில் ரோட்டை வெள்ளம் மூடும்.

"ரெண்டு நிமிசம் ரவி. இந்த போர்ட் என்னன்டு தெரியாம ஓடினா, அங்க போயும் நமக்கு ஒண்டும் தெரியாது."

நஸ்லியா மீட்டரை எடுத்தாள். அதன் இரண்டு ஊசிகளையும் போர்டில் வைத்தால், இரண்டு இடங்களுக்கும் நடுவில் செம்புப் பாதை இருந்தால் மீட்டர் 'பீப்' என்று கத்தும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். அலாரத்துக்கென்று போர்டிலேயே ஒரு சின்ன பற்றரி இருந்தது. ஒரு ஊசியைப் பற்றரியில் வைத்தாள், மற்றதை அலாரம் கத்துகிற குட்டி பஸரின் கம்பிக் காலில் வைத்தாள்.

மீட்டர் சும்மா இருந்தது.

"பாதைய யாராச்சும் வெட்டிட்டாங்களா?" ரவிகுமாரின் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவள் போர்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பச்சைக்குள் செம்புப் பாதைகள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. அலாரத்துக்குப் போகிற கோடு பாதி வழியில் சாய்வாக முடிந்து, ஒரு நெல்மணி அகலம் வெறுமையாக இருந்து, பிறகு தொடர்ந்தது. அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பச்சைப் பூச்சு மேலே வழவழவென்று மூடியிருந்தது.

"வெட்டல்ல. இப்படியேதான் அச்சடிச்சீக்காங்க. இது கம்பனி போர்ட் இல்ல, ஆரோ பாத்து வரைஞ்சு செஞ்ச கொப்பி. நல்ல போர்டக் கழட்டி வித்துட்டு இதப் போட்டீக்கி."

"அப்ப இது பிறவி ஊமை," என்றான் ரவிகுமார். இதற்கும் யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

நஸ்லியா றிப்தாவின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, மெஷின நீங்க நிப்பாட்டல்ல. கரண்ட் போய் நிண்டிச்சு, இந்த போர்ட்டால கத்த ஏலாமப் போச்சு. வேணும்ன்டா எழுதியே தாறன்."

றிப்தா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். நஸ்லியா எழுதினாள். எழுதுவதற்கு முன் அவள் கோடு சாய்வாக முடிந்த இடத்தை நகத்தால் இரண்டு தடவை தடவிப் பார்த்ததை ரவிகுமார் கவனித்தான்.

அவள் எழுதி முடிக்கும்வரை போர்ட் அவன் கையில் இருந்தது. சும்மா திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் அந்த ஓட்டையைக் கண்டான்.

போர்டின் இடது மூலையில் ஊசி முனையளவு ஓட்டை. மேலே எந்தப் பாதையும் அதற்கு வரவில்லை, கீழே எந்தப் பாதையும் அதிலிருந்து போகவில்லை. எந்தக் கம்பனிக்காரனும் வேலையில்லாத ஓட்டையைப் போடமாட்டான். அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் ரவிகுமார்.

சில வருஷங்களுக்கு முந்தின கதை அது, டாலர் இல்லாமல் உதிரிப்பாகங்கள் எதுவும் நாட்டுக்குள் வராத வருஷம். பழுதான போர்டுக்கு வரைபடமும் கிடையாது, மாற்றுவதற்கு வேறு போர்டும் கிடையாது. அப்போதுதான் நஸ்லியா தன் கடையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தினாள். போர்டின் மேல்பக்கம் ஒரு போட்டோ, கீழ்ப்பக்கம் ஒரு போட்டோ எடுத்து, பாதைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து, காகிதத்தில் வரைபடத்தை மீட்டு எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். வேலையிழந்தவர்கள், கடைக்காரர்கள் என்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். பெற்றோல் இல்லாமல் வண்டியை நிறுத்திவைத்திருந்த ரவிகுமாரும் போனான். அங்கேதான் நபீல் கூட்டாளியானான். வகுப்புக்கென்று கொடுத்தது ஓர் ஒட்சிசன் மெஷின் போர்ட். ரவிகுமார் எடுத்த போட்டோவின் இடது மூலையில் ஒரு புள்ளி கிடந்தது. அது ஈயம் தெறித்த கறை. ஓட்டை என்று நினைத்து அவன் வரைந்துவிட்டான். பிறகு தெரிந்தும் திருத்தவில்லை, சோம்பல். 'பாத்துப் படிக்கணும்டா' என்று நபீல் கேட்டபோது அந்தப் படத்தை அப்படியே போனில் அனுப்பினான். அதை வைத்துத்தான் நபீல் போர்ட் அடித்திருக்கிறான்.

அவன் போர்டைப் பையில் போட்டான். நஸ்லியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி அக்குறணை நோக்கிப் பாய்ந்தது. மழை கண்ணாடியை மறைத்தது. ரவிகுமார் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே மறுபடி மறுபடி வீட்டுக்கு அழைத்தான். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மெஷின் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று நிஷாந்தி அதைப் பற்றி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே 'ம்' போட்ட ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

அக்குறணைக்கு முன்னாலேயே கடைகளெல்லாம் இருண்டுவிட்டன. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் ரோட்டில் மண்ணிறமாக ஓடியது. மழைக்கோட்டுப் பொலிஸ்காரர் கையை விரித்து மறித்துச் சிங்களத்தில் கத்தினார்.

"பார வஹலா! பார வஹலா!"

ரோட்டை மூடியாயிற்று. ரவிகுமார் ஹேண்டிலில் நெற்றியை வைத்தான். கரண்ட் இங்கே போயிருந்தால் கட்டுகஸ்தோட்டையிலும் போயிருக்கும், மஹய்யாவையிலும் போயிருக்கும். அப்பா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிற நேரம் இது. தூக்கத்திலேயே...

"இடது பக்கம் திருப்புங்க, மேட்டு ரோட்டால போவம்," என்றாள் நஸ்லியா. "தண்ணி ஏறாது."

ஒரு வண்டி அகல ரோடு அது. வளைவுக்கு வளைவு செம்மண் சரிந்து கிடந்தது. இரண்டாவது வளைவில் அவனால் தாங்க முடியவில்லை.

"மிஸ், ஒண்ணு சொல்லணும். அந்தப் போர்ட்ட வரைஞ்சது நான். மூலையில ஒரு சும்மா ஓட்டை இருக்கு, அது என் கிறுக்குத்தனம். படத்த நபீலுக்கு அனுப்பினதும் நான்தான். எங்கப்பா செத்தா கொன்னது நான்தான் மிஸ்."

பின்சீட்டில் நஸ்லியா பையைத் திறந்து போர்டை எடுத்தாள்.

"ரவி, அந்தப் பாதை எப்படி முடியுதுன்டு பாத்தீங்களா?"

"சாய்வா."

"எந்தக் கம்பனிக்காரனும் பாதைய சாய்வா முடிக்க மாட்டான். பிளேடால வெட்டின போர்டப் பாத்து வரைஞ்சாத்தான் அப்படி வரும். நான் எப்பவும் சாய்வாத்தான் வெட்டுவன், பொறகு பாத்து என்ட வெட்டுன்டு கண்டுபுடிக்க. வகுப்பில கரண்ட் குடுக்கக் குடுக்க அந்த அலாரம் கத்திக் கத்திப் பக்கத்துக் கடைக்காரங்க சண்டைக்கு வந்தாங்க, ஞாபகமா? நான்தான் பாதைய வெட்டி வாயடைச்சன். வகுப்பு முடிஞ்சு ஒட்டிடுவம்ன்டு நெனச்சன். மெஷின்காரர் அதுக்கெடயில மவுத்தாப் போனார், போர்ட்டத் தேடி ஆரும் வரல்ல. ஒட்டவேயில்ல."

ரவிகுமாருக்கு அவள் வகுப்பில் வாரத்துக்கு வாரம் சொன்ன வாக்கியம் காதில் ஒலித்தது. 'இருக்கிறத வரைங்க. இருக்கணும்ன்டு நீங்க நெனைக்கிறத வரையாதீங்க.' பன்னிரண்டு பேரில் அந்தச் சொல்லை அப்படியே கேட்டு நடந்தவன் அவன். வெட்டையும் விடாமல் வரைந்தான். காயத்தைக் காயம் என்று தெரியாமல், உடம்பு என்று நினைத்து வரைந்துவிட்டான்.

"அங்கயே ஏன் மிஸ் சொல்லல?"

"நீங்க ஏன் செல்லல்ல?"

இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான் என்பது தெரிந்துபோனது.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியபோது சிக்னல் லைட் செத்திருந்தது. ஒரு கடையிலும் வெளிச்சமில்லை. மஹய்யாவைச் சந்தியில் வண்டியை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டு ரவிகுமார் படிக்கட்டில் பாய்ந்தான். நாற்பத்திரண்டு படி. எத்தனை வருஷம் ஏறி இறங்கிய படிகள், அன்று அவற்றுக்கு முடிவே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு ஏறினான். அலாரம் கேட்க வேண்டும், அந்தக் காது கிழிக்கிற சத்தம் கேட்க வேண்டும் என்று இருந்த சாமி எல்லாரையும் கும்பிட்டான். மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்து கிடந்தது. முன்னறை இருட்டு. மெஷினின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. கட்டிலில் மூக்குக் குழாய் மட்டும் கிடந்தது. அப்பா இல்லை.

ரவிகுமார் கட்டிலைத் தடவிப் பார்த்தான். 'தூக்கிட்டுப் போயிட்டாங்க' என்று நினைத்தான். எங்கே தூக்கிப் போனார்கள் என்று நினைக்கத் துணியவில்லை.

"யாரது? நீங்களா?" அடுப்படியிலிருந்து நிஷாந்தியின் குரல் வந்தது. "இங்க வந்து இந்த சிலிண்டரக் கொஞ்சம் புடிங்க, கை விட்டுப் போகுது."

அடுப்படி ஜன்னலோரம் பிளாஸ்டிக் கதிரையில் பழனியாண்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க், அது பழைய ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகனைப் பார்த்ததும் மாஸ்கை விலக்கினார்.

"ஏண்டா பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

ரவிகுமார் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "எப்படித் தெரிஞ்சுச்சு நிஷாந்தி? அது கத்தலயே."

"கத்தாதுன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. முன்னெல்லாம் சுவிட்சப் போட்டதும் ஒரு தடவ கீன்னு கத்தும். சர்வீசுக்குப் போய் வந்ததுலேருந்து ஊமை. சொன்னேன், 'ம்'ன்னீங்க. அதான் மெஷின் குத்துற அதே பிளக்குல நான் ஒரு மேசை லைட்டையும் குத்தி, அடுப்படியிலேருந்து தெரியிற மாதிரி வச்சேன். லைட் அணைஞ்சா மெஷினும் நின்னுருச்சுன்னு அர்த்தம். பட்டப்பகல்ல லைட் எரியுதுன்னு நீங்கதானே கத்துவீங்க." அவள் முகத்து வியர்வையைத் தோளால் துடைத்தாள். "போன் எடுக்கலன்னு பாக்குறீங்களா? மாமா தூங்குறார்னு சத்தத்தக் குறைச்சு வச்சிருந்தேன்."

வாசலில் நனைந்து நின்ற நஸ்லியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நானும் துப்பறியிறன்டு கடை போட்டீக்கிறன்," என்றாள் மெதுவாக.

அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான் இருந்தது. அவள் போனை எடுத்து நபீலுக்கு அழைத்தாள், எல்லாருக்கும் கேட்க வைத்தாள். அவன் எடுத்தான்.

"நபீல், எத்தின மெஷினுக்கு அந்த போர்டப் போட்டீங்க?"

"மிஸ்... பதினொண்டு."

"ஆர் ஆருக்கு?"

"பேர் ஒண்டும் எழுதி வைக்கல்ல. ஆள் செல்லி ஆள் வந்தாங்க. அக்குறணைப் பக்கம் ஒரு நாலஞ்சு. மிச்சம் கட்டுகஸ்தோட்டை, மஹய்யாவ."

"அலாரம் அடிக்காதுன்டு தெரியுமா?"

"தெரியும். சரியாக்கத்தான் நெனச்சன். ஆனா ஆக்கள் சந்தோசப்பட்டாங்க மிஸ். ராவையில இப்ப நிம்மதியாத் தூங்க ஏலுமாம்."

நபீல் போனை வைத்துவிட்டான்.

பதினொன்றில் இரண்டைப் பார்த்தாயிற்று. மழைக்குள், இருட்டுக்குள், இன்னும் ஒன்பது வீடுகள். ஒன்பது மெஷின்கள் இந்த நிமிஷம் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தன. அந்த வீடுகளில் எல்லாருக்கும் மேசை லைட் யோசனை வந்திருக்காது.

நஸ்லியா அடுத்த அழைப்பை அக்குறணைக்கு எடுத்தாள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற பஹீம் நானாவுக்கு.

"நானா, பள்ளி ஸ்பீக்கர் பற்றரியில வேல செய்யுமா? உடனே அறிவிக்கோணும். வீட்டில ஒட்சிசன் மெஷின் வச்சீக்கிற எல்லாரும் இப்பவே போய் நோயாளியப் பாக்கச் செல்லுங்க, அலாரத்த நம்ப வாணாம்ன்டு. கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கும் கோல் எடுத்துச் செல்லுங்க. பேர் செல்லுங்க நானா, என்ட பேர். அந்தப் பாதைய வெட்டிட்டு ஒட்டாம விட்டது கண்டி நஸ்லியான்டு செல்லுங்க." அந்தப் பக்கம் ஏதோ மறுத்தார்கள். "கடை போனாப் போகட்டும். பேரில்லாமச் சொன்னா, ஆரோ கெளப்பிவிட்ட புரளின்டு நெனச்சிட்டு மனிசர் படுத்துக்குவாங்க."

போனை இறக்கி ரவிகுமாரைப் பார்த்தாள்.

மஹய்யாவைக்கு அறிவிப்பது தன் வேலை என்று அவன் எழுந்தான். கோயில் கீழ்ச் சந்தியில்தான் இருந்தது. திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி இன்னும் இறக்கப்படவில்லை, வண்டி பற்றரியில் பாடுகிற சாதனம். பூசாரி மைக்கை எடுத்துக் கொடுத்தார்.

இந்த மைக்கில் எத்தனையோ திருவிழாவில் அவன் பேசியிருக்கிறான். பகிடி விட்டுச் சனத்தைச் சிரிக்க வைக்கிறவன் என்று மஹய்யாவை முழுக்க அவனுக்குப் பெயர். நாளையிலிருந்து என்ன பெயர் என்று ஒருதரம் நினைத்தான். அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் இந்த வரிசை வீட்டுக்காரர்கள்தான். வாயில் ஒரு பகிடியும் இல்லை.

"எல்லாரும் கேளுங்க," என்றான். மழைக்கு மேலே அவன் குரல் மலையில் மோதித் திரும்பியது. "வீட்ல ஒட்சிசன் மெஷின் இருக்கிறவங்க உடனே போய் உங்க ஆளப் பாருங்க. கரண்ட் போய் மெஷின் நின்னிருக்கும், அலாரம் அடிக்காது. போர்ட் பிழை. இது பகிடி இல்ல, புரளி இல்ல. அந்தப் போர்ட்டப் பிழையா வரைஞ்சு குடுத்தது நான்தான். பழனியாண்டி மகன் ரவிகுமார். என்னை அப்புறம் வந்து அடிங்க. இப்ப போய்ப் பாருங்க."

மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிர் வரிசையில் ஒரு கதவு படாரென்று திறந்தது. மழைக்குள் ஒரு பெண், குடையுமில்லாமல், செருப்புமில்லாமல், 'அப்பா, அப்பா' என்று கத்திக்கொண்டு மேல் வீட்டுப் படிகளில் ஓடத் தொடங்கினாள்.